பெட்டியைத் திறப்பதில் அப்படி என்ன இருக்கிறது? ‘தி ரூம்’ பற்றிய விரிவான பதில்

நுணுக்கமான இயந்திரப் பெட்டிகளைத் திறப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ‘தி ரூம்’ என்ற கைப்பேசி விளையாட்டை இத்தனை பேர் ஏன் கொண்டாடுகிறார்கள், அதன் புதிர்கள் உண்மையிலேயே அவ்வளவு கடினமானவையா, நடுவில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, அடுத்தடுத்து வந்த பாகங்களை எந்த வரிசையில் விளையாடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம். புதிரின் கடினத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் இது நடுத்தரமான விளையாட்டுதான். தர்க்கப் புதிர்களில் ஊறியவர்களுக்குச் சற்று எளிதாகவே தோன்றும். ஆனால் ஒரு பொறியை விரலால் தொட்டு, திருகி, இழுத்து, அது இசைந்து கொடுக்கும் கணத்தை உணர்வதையே ஒரு முழு விளையாட்டாக ஆக்கிக் காட்டியதில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகக் குறைவு. எப்படி விளையாடுவது, எங்கே தேடுவது, எதை எதிர்பார்க்கக் கூடாது என்ற மற்ற கேள்விகளுக்கான விடைகளும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இதை உருவாக்கிய ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ், இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த சிறிய நிறுவனம். ‘பர்ன்அவுட்’ கார்ப்பந்தய விளையாட்டுகளால் பெயர்பெற்ற க்ரைட்டீரியன் கேம்ஸிலிருந்து வெளியே வந்த ஆறு பேர் 2008ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். அந்த ஆறு பேரும் நிரலாளர்கள் அல்லர், காட்சிக் கலைஞர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் குணத்துக்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். முதல் சில ஆண்டுகள் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளுக்குக் காட்சிகளும் பொருள்களும் செய்துகொடுக்கும் ஒப்பந்த வேலையில் கழிந்தன. பிறகு, தங்கள் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 60,000 பவுண்டு செலவிட்டு ‘தி ரூம்’ விளையாட்டைத் தயாரித்து, 2012 செப்டம்பரில் ஐபேடுக்கு வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஐபேட் விளையாட்டாக ஆப்பிள் அதைத் தேர்ந்தெடுத்தது. 2013இல் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை அகாடமியான பாஃப்டாவின் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டுக்கான விருதும், விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டு விருதுகளில் சிறந்த கைப்பேசி விளையாட்டுக்கான பரிசும் கிடைத்தன. ஆண்ட்ராய்டு பதிப்பும் அதே 2013இல் வந்துவிட்டது.

பெரிய விளையாட்டுகளின் தயாரிப்புச் செலவோடு ஒப்பிட்டால் 60,000 பவுண்டு என்பது மிகச் சொற்பம். அந்தத் தொகையில் நகரங்களையும் காடுகளையும் பேசும் மனிதர்களையும் உருவாக்க முடியாது. ஓர் இருண்ட அறை, அதன் நடுவே ஒரு பொருள், அந்தப் பொருளின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அளவற்ற கவனம் என்று அவர்கள் முடிவெடுத்ததில் சிக்கனத்துக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் விளையாடும்போது சிக்கனத்தின் சுவடே தெரியாது. பித்தளைத் தகட்டின் ஓரத்தில் படிந்த கறை, மரத்தின் ரேகை, திருகின் தலையில் விழுந்த கீறல் எல்லாமே அருகே சென்று பார்த்தாலும் தாக்குப்பிடிக்கின்றன. பார்வையாளர் உற்றுப் பார்ப்பார் என்று தெரிந்தே செய்யப்பட்ட பொருளுக்கும், கடந்து போய்விடுவார் என்று நம்பிச் செய்யப்பட்ட பொருளுக்கும் உள்ள வித்தியாசம் அது.

விளையாட்டின் அமைப்பு மிக எளியது. உங்களுக்கு முன்பே அந்த அறையில் இருந்த ஒருவர் கடிதம் ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். எதிரே ஒரு இரும்புப் பெட்டகம் நிற்கிறது. அதைத் திறந்தால் உள்ளிருந்து இன்னொரு பெட்டி எழுகிறது. அதைத் திறந்தால் இன்னொன்று. முதல் பாகத்தில் நான்கு அத்தியாயங்கள் உண்டு. முடிவுரை போன்ற ஓர் அத்தியாயம் பின்னர் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. தொடக்கத்திலேயே ஒரு விசித்திரமான கண்வில்லை கிடைக்கும். அதை அணிந்து பார்த்தால் வெறும் கண்ணுக்குப் புலப்படாத எழுத்துகளும் கோடுகளும் சில சமயம் பொறிகளின் உள்ளமைப்பும் தெரியும். கதைப்படி, ‘நல்’ என்று அழைக்கப்படும் ஒரு மர்மப் பொருளின் விளைவு அது. கடிதங்களும் நாட்குறிப்புத் துணுக்குகளும் இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிச் செல்கின்றன. கதை மோசமில்லை, ஆனால் கதைக்காக யாரும் இதை விளையாடுவதாகத் தெரியவில்லை, விளையாட வேண்டியதும் இல்லை.

இப்போது தொடுதிரைக்கு வருவோம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இது வெளிவந்த காலத்தில் பல கைப்பேசி விளையாட்டுகள், கணினிக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் ஏற்ற வடிவங்களைச் சிறு திரைக்குள் திணித்து, கண்ணாடியின் மேல் போலியான பொத்தான்களையும் திசைக்கோல்களையும் வரைந்துவைத்திருந்தன. ‘தி ரூம்’ அப்படி எதையும் வரையவில்லை. பெட்டியில் ஒரு இழுப்பறை இருந்தால் அதை இழுக்கிறீர்கள்; சக்கரம் இருந்தால் விரலை வட்டமாக நகர்த்திச் சுற்றுகிறீர்கள். சாவியைத் துளையில் வைத்ததும் பூட்டு தானாகத் திறந்துவிடுவதில்லை. சாவியை நீங்கள்தான் திருப்பியாக வேண்டும், அதுவும் சரியான திசையில், இறுதிவரை. வெறும் தட்டலில் முடித்திருக்கக்கூடிய ஒரு செயலை இப்படி நீட்டியது முதல் பார்வைக்கு வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அந்த நீட்டிப்பில்தான் எடை வருகிறது. விரல் நகரும் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கியே கனமான கதவு நகர்கிறது. லேசான மூடி விரலோடு ஒட்டியே வருகிறது. நெம்புகோல் கடைசி அரை அங்குலத்தில் தானாகவே போய் அமர்ந்துகொள்கிறது. கண்ணாடிப் பரப்பில் எடை என்று ஒன்று கிடையாது என்று மூளைக்குத் தெரியும். விரல் மட்டும் அதை நம்ப மறுக்கிறது.

அந்த நம்பிக்கையில் பாதிக்கு மேல் ஒலியின் வேலை. ஒரு தாழ் விலகும் ஓசை இங்கே ஒரே ‘க்ளிக்’ அல்ல. முதலில் உலோகம் உரசுகிறது, பிறகு சுருள்வில் தளர்கிறது, பிறகு உள்ளே எங்கோ ஒரு கனமான துண்டு விழுந்து நிற்கிறது. இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும்போது, நீங்கள் பார்க்காத உட்பாகம் ஒன்றையும் மனம் கட்டியெழுப்பிக்கொள்கிறது. ஆகவே காதொலிக் கருவியோடு விளையாடுங்கள் என்று சொல்வது ஆடம்பரமான யோசனை ஆகாது. ஒலியை அணைத்துவிட்டு விளையாடியவர்கள் ‘அழகாக இருக்கிறது, ஆனால் அப்படியொன்றும் இல்லையே’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் தவறில்லை, அவர்கள் பாதி விளையாட்டைத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

இந்தப் பெட்டிகள் உண்மையில் இயங்கக்கூடியவைதானா என்ற ஐயம் உங்களுக்கும் எழலாம். பெரும்பாலும் இல்லை. பெட்டியின் உட்பாகத்தில் அடங்கவே முடியாத அளவுள்ள பொருள்கள் அதிலிருந்து வெளிவருகின்றன. பல்சக்கரங்கள் எதை எதோடு இணைக்கின்றன என்று பின்தொடர்ந்து பார்த்தால் பல இடங்களில் சங்கிலி அறுந்துபோகும். இவை பெரும்பாலும் கலைஞர்கள் முன்கூட்டியே அமைத்த அசைவூட்டங்கள். பல்லுக்குப் பல் விசை கடத்தப்படும் விதத்தைக் கணக்கிட்டு இயங்குபவை அல்ல. பொறியாளர் ஒருவர் இதைக் குறையாகச் சொல்லலாம். நான் இதைக் குறையாக எண்ணவில்லை. உண்மையான பொறியின் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தால், ஒரு மூலையைத் திருகியதும் பெட்டியின் முகமே மலர்ந்து விரிவது போன்ற காட்சிகள் சாத்தியப்பட்டிருக்காது. விதி மீறப்படுவது கண்ணுக்குத் தெரியாதபடி மீறுவதுதான் இங்கே கைத்திறன்.

இருந்தாலும், கண்முன் இயங்கிய உண்மையான பெட்டிகளின் நீண்ட மரபு ஒன்று இந்த விளையாட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விளையாடும் சுவை கூடும். ஜப்பானின் ஹகோனே வட்டாரத்தில் செய்யப்படும் ‘ஹிமிட்ஸு பாகோ’ எனும் இரகசியப் பெட்டிகளில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பக்கப் பலகைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குக் குறிப்பிட்ட வரிசையில் நகர்த்தினால் மட்டுமே மூடி வழிவிடும். நான்கைந்து அசைவுகளில் திறப்பவையும் உண்டு, 72 அசைவுகள் தேவைப்படுபவையும் உண்டு. மேற்பரப்பில் பல நிற மரத்துண்டுகளால் இழைக்கப்படும் ‘யோசெகி’ கோலங்கள் அழகுக்கு மட்டுமல்லாமல் பலகைகளின் இணைப்புக் கோடுகளை மறைப்பதற்கும் உதவுகின்றன. 1999இல் கைவினைஞர் அகியோ கமெய் தொடங்கிய கராகுரி (இயந்திரத் தந்திரம்) படைப்பாளர் குழு அந்த மரபை இன்னும் விரிவாக்கி, பார்ப்பதற்குப் பெட்டியாகவே தோன்றாத பெட்டிகளையெல்லாம் செய்துவருகிறது.

ஐரோப்பியக் கிளை இதைவிடப் பகட்டானது, விளையாட்டின் தோற்றத்துக்கும் நெருக்கமானது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நோய்வீட் நகரில் ஆபிரகாம் ரோன்ட்கனும் அவர் மகன் டேவிட் ரோன்ட்கனும் அரசவைகளுக்காக இயந்திர மேசைகளையும் அலமாரிகளையும் செய்தார்கள். சாவியைத் திருப்பினால் இழுப்பறைகள் தாமாக வெளிவரும். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பலகை சரிந்து எழுதுமேசையாகும். அதன் பின்னால் இன்னோர் இரகசிய அறை திறக்கும். கடிகார வல்லுநர் பீட்டர் கின்ட்ஸிங் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியமுக்குச் சேர்ந்த அலமாரி மூன்றரை மீட்டருக்கும் உயரமானது. இன்று அது பெர்லினின் கைவினைக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘தி ரூம்’ வெளிவந்த சில வாரங்களிலேயே, 2012 அக்டோபர் இறுதியில், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ரோன்ட்கன்களின் படைப்புகளுக்கென ஒரு கண்காட்சி தொடங்கியது தற்செயல்தான். ஆனால் அந்த அலமாரி திறக்கப்படும் காணொளியைப் பார்த்துவிட்டு விளையாட்டுக்குத் திரும்பினால், இரண்டும் ஒரே ஆசையிலிருந்து பிறந்தவை என்று புரியும். இன்னும் பின்னோக்கிப் போனால், இயந்திரங்களைப் பற்றிய தம் நூலை 1206இல் முடித்த மேற்காசியப் பொறியாளர் அல்-ஜஸரி, வட்டத் தகடுகளைச் சரியான நிலைக்குத் திருப்பினால் மட்டுமே திறக்கும் பெட்டிப் பூட்டு ஒன்றை அதில் விவரித்திருக்கிறார்.

உண்மையான இரகசியப் பெட்டிக்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் நோக்கத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சிக்கிக்கொள்ளாமல் விளையாடுவது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. ரோன்ட்கன் தன் இரகசிய அறையை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று விரும்பினார். விளையாட்டை உருவாக்கியவர்களோ நீங்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று விரும்புகிறார்கள். ஆகையால் அவர்கள் எதையும் முழுமையாக ஒளிப்பதில்லை. கண்ணுக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, கண் அதைத் தாண்டிப் போகும்படி மட்டும் செய்கிறார்கள். சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் செய்ய வேண்டியதோ பார்ப்பது. இந்த விளையாட்டில் கணக்குப் போட்டோ குறிப்பெடுத்தோ விடுவிக்க வேண்டிய புதிர்கள் குறைவு, கவனித்து விடுவிக்க வேண்டியவையே மிகுதி.

எனவே புதிய பெட்டி ஒன்று எதிரே வந்ததும் எதையும் தொடாமல் முதலில் அதை முழுவதுமாகச் சுற்றிப் பாருங்கள். மேலே, கீழே, நான்கு பக்கமும். பழைய அலங்கார வேலைப்பாடுகள் பொதுவாகச் சமச்சீரானவை. இடப்பக்கம் ஒரு குமிழ் இருந்தால் வலப்பக்கமும் ஒன்று இருக்கும். எங்கே அந்தச் சமச்சீர் குலைகிறதோ, எந்தப் பூவேலைப்பாடு மட்டும் மற்றவற்றைவிடச் சற்று மேலெழும்பியோ திரும்பியோ இருக்கிறதோ, அங்கே கை வையுங்கள். இரண்டு பலகைகள் சேரும் கோடு தேவையில்லாத இடத்தில் ஓடினால் அதன் பின்னால் ஏதோ நகர்கிறது என்று பொருள். காலியான துளையோ பள்ளமோ கண்ணில் பட்டால் அதன் வடிவத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதற்குரிய பொருள் பிறகு கையில் சிக்கும்போது எங்கே வைப்பது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒரு நுட்பம். திரையில் இருமுறை தட்டினால் அந்த இடத்துக்கு அருகே பார்வை நகரும். இரு விரல்களைச் சேர்த்துக் கிள்ளினால் பின்வாங்கும். ஆனால் எல்லா இடத்திலும் தட்டி நெருங்க முடியாது. விளையாட்டில் ஏதாவது வேலை உள்ள இடங்களுக்கு மட்டுமே பார்வை நெருங்க ஒப்புக்கொள்ளும். அப்படியென்றால், ஒரு மூலைக்கு உங்களை அது நெருங்க விட்டாலே அங்கே இப்போதோ பிறகோ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்பது உறுதி. இதைக் குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பெட்டியைத் தட்டிப்பார்த்து எங்கே உள்ளீடற்ற ஓசை வருகிறது என்று கேட்பதற்குச் சமமான நேர்மையான ஆய்வாகவே எனக்கு இது படுகிறது.

கையில் கிடைக்கும் பொருள்களையும் அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள். திரையின் ஓரத்தில் அவை வரிசையாக நிற்கும்; ஒன்றைத் தட்டினால் அது பெரிதாகி முன்னே வரும், சுழற்றிப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி சமயம் சிக்கலுக்குக் காரணம் இந்தச் சுழற்றிப் பார்த்தலைச் செய்யாததுதான். ஒரு சாவியின் பல் பகுதி மடங்கி இன்னொரு வடிவம் பெறும். சிறு பேழை ஒன்றின் அடிப்பகுதியில் வழுக்கும் மூடி இருக்கும். வெறும் உலோகத் துண்டு என்று நினைத்ததன் நடுத்தண்டை இழுத்தால் அது கருவியாக நீளும். துளைக்குச் சாவி பொருந்தவில்லை என்றால் வேறு சாவியைத் தேடுவதற்கு முன் கையிலிருக்கும் சாவியையே மாற்றியமைக்க முடியுமா என்று பாருங்கள். கிடைத்த எந்தப் பொருளும் வீணாகப் போவதில்லை; உங்களை ஏமாற்றுவதற்கென்று எதுவும் வைக்கப்படவில்லை. நேர வரம்பும் கிடையாது, தோல்வியும் கிடையாது. தவறாக எதையும் உடைத்துவிட முடியாது என்பதால் தயக்கமின்றி எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கலாம்.

கண்வில்லையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக விளையாடுபவர்கள் இரண்டு எல்லைகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள்: அதை எந்நேரமும் அணிந்துகொண்டே திரிவது, அல்லது அது இருப்பதையே மறந்துவிடுவது. பெட்டியின் பெரிய பாகம் ஒன்று திறந்த பிறகு ஒருமுறை, எல்லா வழியும் அடைபட்டதாகத் தோன்றும்போது ஒருமுறை அணிந்து பார்த்தால் போதும். அதன் வழியே சிதறிய கோடுகளும் உடைந்த சின்னங்களும் தெரிந்தால், அவற்றை நகர்த்த முயல வேண்டாம். நீங்கள்தான் நகர வேண்டும். வெவ்வேறு ஆழத்தில் இருக்கும் துண்டுகள் ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் ஒன்றுசேர்ந்து முழுச் சின்னமாகும்படி அவை அமைக்கப்பட்டிருக்கும். ஓவியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட கோணத் தந்திரம் இது. புதிர் என்பது விடையைத் தேடுவதாக இல்லாமல் நிற்க வேண்டிய இடத்தைத் தேடுவதாக மாறும் இந்த இடங்களே முதல் பாகத்தின் ஆகச் சிறந்த பகுதி என்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வழி தெரியாவிட்டால் விளையாட்டுக்குள்ளேயே குறிப்புகள் உண்டு. சிறிது நேரம் முன்னேற்றம் இல்லையென்றால் திரையில் கேள்விக்குறி ஒன்று தோன்றும். முதல் குறிப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேலோட்டமாகத்தான் சொல்லும். இன்னும் சற்று நேரம் காத்திருந்தால் அடுத்தது வரும். படிப்படியாகத் தெளிவு கூடும். வேண்டாம் என்றால் அமைப்புகளில் அணைத்துவிடலாம். அணைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியை இன்னும் இருமுறை சுற்றிப் பார்த்த பிறகே அதைத் தட்டுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் போதும். இந்தக் குறிப்புகளுக்குக் காசு கேட்கப்படுவதில்லை என்பது சாதாரண விஷயம் அல்ல. குறிப்பை விற்றுப் பிழைக்கும் விளையாட்டு, உங்களைச் சிக்கவைப்பதில் ஆதாயம் காணும். அதன் புதிர்கள் மெல்ல மெல்ல அநியாயமாகிவிடும். விளையாட்டின் விலையை மட்டுமே நம்பி, நடுவே விளம்பரங்களையும் நுழைக்காமல் விட்டதால், ஃபயர்ப்ரூஃப் தன் புதிர்களை நேர்மையாக வைத்துக்கொள்ள முடிந்தது. முழுத் தீர்வையும் காட்டும் காணொளிகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள். மற்றப் புதிர்களில் விடை தெரிந்த பிறகும் அதை நிறைவேற்றும் இன்பம் கொஞ்சம் மிஞ்சும். இங்கே கண்டுபிடிக்கும் கணமும் கையால் செய்யும் கணமும் ஒன்றே என்பதால் எதுவும் மிஞ்சாது.

பாகங்களின் வரிசைக்கு வருகிறேன். வெளிவந்த வரிசையிலேயே விளையாடுங்கள்; கதைத் தொடர்ச்சியைவிட, ஒவ்வொரு பாகமும் முந்தையதில் நீங்கள் பழகிய கைவழக்கங்களை நம்பியே அடுத்த படியை வைக்கிறது என்பதே காரணம். 2013 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகம் ஒற்றைப் பெட்டியை விட்டு வெளியே வந்து, ஒவ்வோர் அறையிலும் பல பொருள்களை வைத்தது. ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் பயன்படுத்த வேண்டும். பரப்பு கூடியதால் முதல் பாகத்தின் அந்தச் செறிவு சற்றுக் குறைந்தது. 2015 நவம்பரில் வந்த மூன்றாம் பாகம் இன்னும் பெரியது. கண்வில்லையின் உதவியால் ஒரு சிறிய மாதிரிப் பொருளுக்குள் நுழைந்து, உள்ளே பெரிய அறையாக விரியும் இடத்தில் நடமாடும் வசதி அதில் வந்தது. நான்கு வெவ்வேறு முடிவுகளும் உண்டு. முக்கியக் கதை முடிந்த பிறகும் எஞ்சிய முடிவுகளுக்காக முன்பு பார்த்த இடங்களுக்கே மீண்டும் மீண்டும் போய்வர வேண்டியிருப்பது பலருக்கு அலுப்பூட்டும்; எனக்கும் அந்தப் பகுதி பிடித்தமானது இல்லை.

2018 ஜனவரியில் வந்த நான்காம் பாகமான ‘ஓல்டு சின்ஸ்’ இந்த இரண்டு போக்குகளையும் சமன்செய்தது, தொடரில் மிகச் சிறந்ததும் அதுவே. காணாமல் போன ஒரு பொறியாளரையும் அவர் மனைவியையும் தேடி வரும் உங்கள் முன், மாடியறையில் ஒரு பொம்மை வீடு நிற்கிறது. அந்த வீட்டின் ஒவ்வோர் அறைக்குள்ளும் வில்லை வழியாக நுழைகிறீர்கள். ஓர் அறையில் கிடைப்பது வேறோர் அறையில் வழி திறக்கிறது. ஆனால் எல்லாமே அந்த ஒரே பொம்மை வீட்டுக்குள் அடங்கியிருப்பதால் திசை தவறுவதில்லை. முதல் பாகத்தின் ஒற்றைப் பொருளும் மூன்றாம் பாகத்தின் விரிவும் ஒன்றாகவே கிடைத்துவிடுகின்றன. நேரம் குறைவு, இரண்டு மட்டுமே விளையாட முடியும் என்றால் முதலாவதையும் நான்காவதையும் விளையாடுங்கள். 2020 மார்ச்சில் வந்த ‘எ டார்க் மேட்டர்’ மெய்நிகர் தலைக்கருவிகளுக்கானது. கைப்பேசியில் அதை விளையாட முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் பாகம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒருமுறை திறந்த பெட்டி இரண்டாம் முறை அதே வியப்பைத் தராது என்பதால் மறுபடி விளையாடும் ஆர்வம் எழுவது அரிது. விக்டோரிய காலத்து மங்கலான விளக்கொளி, அமானுஷ்யச் சாயல், பித்தளையும் தேக்கும் என்ற அதே சூழல் நான்கு பாகங்களிலும் தொடர்வதால், இடைவெளி விடாமல் அடுத்தடுத்து விளையாடினால் திகட்டும். புதிர்களின் தர்க்கத்தில் ஆழம் தேடுபவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு 1993இல் வந்த ‘மிஸ்ட்’ போன்ற பழைய விளையாட்டுகளே பொருத்தமானவை. அங்கே ஒரு பொறியின் விதியைப் புரிந்துகொள்ளாமல் அதைத் தொட்டுப் பயனில்லை. மாறாக, இந்தப் பெட்டிகளே பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்று தோன்றினால், ஸ்லோவாக்கியாவின் ப்ளூ பிரெய்ன் கேம்ஸ் 2017இல் தொடங்கிய ‘தி ஹவுஸ் ஆஃப் டா வின்ச்சி’ தொடரைப் பாருங்கள். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில், லியொனார்டோவின் கருவிகளைப் போன்ற பொறிகளோடு, கடந்த காலத்தை எட்டிப்பார்க்கும் ஒரு கருவியையும் அது தருகிறது. ‘தி ரூம்’ இல்லாமல் அது பிறந்திருக்காது என்பது முதல் நிமிடத்திலேயே தெரியும். அசைவுகளின் எடையில் முன்னோடியின் நேர்த்தி அதில் முழுமையாக வாய்க்கவில்லை, ஆனால் புதிர்கள் சில இடங்களில் இன்னும் கடினமானவை.

எந்தக் கருவியில் விளையாடுவது என்பதற்கு என் பரிந்துரை டேப்லெட். பெரிய திரைக்காகவே முதலில் உருவாக்கப்பட்டது என்பதால் சிறு திருகுகளும் மெல்லிய கோடுகளும் அதில்தான் முழுமையாகத் தெரியும். கைப்பேசியிலும் குறையின்றி ஓடும். ஆனால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், இருண்ட காட்சிகளில் தடயங்கள் தெரியாமல் போவதால் வரும் சிக்கல் உங்கள் தவறாக இருக்காது. 2014இல் வந்த கணினிப் பதிப்பின் காட்சிகள் புதிதாகத் தீட்டப்பட்டவை, கண்ணுக்கு மிக அழகானவை. சுட்டியைப் பிடித்து இழுக்கும்போது விரலின் நேரடித் தொடர்பு அறுந்துவிடுவதால், தொடுதிரை இருக்கும்வரை நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். கருவியில் சேமிப்பிடம் குறைவாக இருந்தால் ஒரு பாகத்தை முடித்ததும் நீக்கிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளலாம்; ஒரு பாகத்தில் நீங்கள் சேமித்தது எதுவும் அடுத்த பாகத்துக்குத் தேவைப்படாது.